முந்திரிப் பருப்பில் தோல் ஒட்டுகிறது, வழி சொல்லுங்கள்

காடாம்புலியூரில் முந்திரி யூனிட். கொட்டை, கைதேர்ந்த ஆட்கள், வியாபாரிகள் எல்லாம் பண்ருட்டிச் சுற்றிலேயே கிடைக்கும். ஐப்பசி ஈரக்காற்றுதான் பெரும்பாடு. மழை தொடங்கிப் பத்து நாளாக, போர்மாவிலிருந்து (பருப்பைத் தட்டுகளில் வைத்துக் காய வைக்கும் சூட்டு அறை) எடுக்கும் பருப்பில் சிவப்புத் தோல் உரியவில்லை. உள்வளைவில் பசை போட்டதுபோல ஒட்டி நிற்கிறது. கத்தியால் சுரண்டினால் கீறல் விழுந்து முழுப்பருப்பு விலையே போய்விடுகிறது.

அவித்த கொட்டையை ஒரு நாள் முழுக்க ஆறவிட்டே உடைக்கிறோம். 70 டிகிரியில் 6 மணி நேரம் காய வைத்ததை 8 ஆக்கினோம். தோல் விட்டது, ஆனால் பருப்பு அதிகம் காய்ந்து இரண்டாகப் பிளக்கிறது. தட்டுகளை இரண்டு மணிக்கொருமுறை மேல்கீழ் மாற்றியும் பலனில்லை.

அதிகம் காய்ந்த பருப்பு பிளக்காமலிருக்க, மழைக்காலத்தில், போர்மாவிலிருந்து எடுத்த பருப்புக்கு உரிக்கும் முன் எத்தனை நிமிடம் ஈரக்காற்று காட்டுகிறீர்கள்?