விண்டோஸ் எஸ்எஸ்டியில், பூட் ஃபைல் மட்டும் பழைய டிஸ்க்கில்: என்ன செய்யலாம்?

நண்பர்களே, ஒரு உதவி. புது 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 போட்டேன். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமல் போட்டதுதான் தப்பு. பூட் ஃபைல்கள் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன் (டிஸ்க்கின் தனிப் பகுதி) அந்தப் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது. அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பூட் ஆகவே மாட்டேன் என்கிறது. டிஸ்க்கோ இப்போது கடகடவென்று சத்தம் போடுகிறது, இன்னும் எத்தனை நாளோ!

சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, அந்த இடத்தில் ஃபேட்32 ஃபார்மட்டில் புது இஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கி, பூட் ஃபைல்களை அதில் எழுதும் பிசிடிபூட் (bcdboot) கட்டளை கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள். எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன் அமைப்பு ஜிபிடி (GPT) வகைதான், பார்த்துவிட்டேன். அந்தப் பார்ட்டிஷன் சி டிரைவுக்குப் பின்னால் இருந்தாலும் பரவாயில்லையா? அப்புறம், டிரைவில் உள்ளதை என்க்ரிப்ட் செய்யும் பிட்லாக்கரை முதலில் நிறுத்தி வைக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லாதீர்கள், அதற்குத் தெம்பு இல்லை.