மறு: லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு: தமிழில் எப்படி எழுதலாம்?

அன்புடையீர், வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் கார்ப் பராமரிப்புக் கையேட்டில், சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷன் பகுதிக்கு இந்த இழையில் இதுவரை வந்த தமிழ்ச் சொற்களையெல்லாம் படித்தேன். முதலில் ஒரு வேண்டுகோள். சஸ்பென்ஷனுக்கு 'இடைநீக்கம்' வேண்டவே வேண்டாம். எந்திர மொழிபெயர்ப்பு அப்படிப் போடுகிறது என்பதற்காக நாமும் போட வேண்டுமா? இடைநீக்கம் என்பது லஞ்சம் வாங்கி மாட்டிய அதிகாரிக்கு நடப்பது. 'தொங்கல் அமைப்பு' அவ்வளவு மோசமில்லை. ஆனால் எங்கள் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வில்வண்டி நின்ற காலத்திலேயே இதற்கு வழி பிறந்துவிட்டது. அச்சுக்கு மேல் பட்டைவில் வைத்துக் கூண்டு கட்டினால் வில்வண்டி, வைக்காவிட்டால் கட்டைவண்டி. ஆகவே 'வில்லமைப்பு' என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.

இழுபறி, இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தில் நடுவே உட்காரும் வளையமான புஷ்ஷில்தான்.

> பட்டறையில் எல்லாரும் புஷ் என்றுதான் சொல்கிறார்கள். எதற்கு வீண் வேலை?

ஐயா, பட்டறையில் அப்படியே சொல்லட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. எழுதும்போதுதான் வம்பு. தமிழில் 'புஷ்' என்று எழுதினால் தள்ளுவதும் அதுவே, ரப்பர் சாமானும் அதுவே, அமெரிக்காவின் பழைய அதிபரும் அதுவே. "புஷ்ஷைக் கழற்றியபின் ஆர்மைப் புஷ் செய்யவும்" என்று கையேட்டில் அச்சடித்தால் படிக்கிற பையன் என்ன செய்வான்? ஆங்கிலத்துக்கும் இது சொந்தச் சொல் இல்லை. டச்சுக்காரர்களிடம் வாங்கியது, அங்கே பெட்டி என்று பொருள். தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கிற காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரப்பர் வளையத்துக்குப் பெயர் வைக்க முடியவில்லை என்றால் எப்படி?

பெயர் வைக்குமுன் பொருளைப் பார்க்க வேண்டும் என்று போன வாரம் இங்கே ஒரு பட்டறையில் போய் நின்றேன். பள்ளத்தில் இறங்கினால் 'கடக் கடக்' என்று சத்தம் போடும் கார் ஒன்று ஜாக்கியில் ஏறி நின்றது. மெக்கானிக் அண்ணன், சக்கரத்தை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்முக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே புஷ் இருக்கும் இடத்தில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். வெளிவளையம் இரும்பு, உள்குழாய் இரும்பு, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். அந்த ரப்பர் உள்குழாயை விட்டுப் பிறைபோல் கிழிந்து வாயைத் திறந்தது. சுற்றிலும் கரிப்பொடி. "பாருங்க, எவ்வளவு ஆட்டம்" என்றார். இங்கிலீஷில் 'ப்ளே' என்பதற்குப் பட்டறையே தந்திருக்கிற தமிழ் இந்த 'ஆட்டம்'. அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. புஷ்ஷில் ஆட்டம் வந்தால் சக்கரத்தின் நிலை மாறும், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும், டயர் இப்படித்தான் போகும். புதுப் புஷ் போட்டபின் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

இப்போது சொற்கள். 'குடுமியுறை' என்ற பரிந்துரை எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பழைய தேக்குக் கதவுகள் கீல் இல்லாமல், மேலும் கீழும் நீட்டிய முளையான குடுமியில்தான் சுழலும். ஆனால் குடுமி குழிக்குள் வழுக்கிச் சுழலுகிறது. மோட்டாரில் இருக்கும் பித்தளைப் புஷ்ஷுக்கு அது பொருந்தும். லோயர் ஆர்மிலுள்ள ரப்பர் வழுக்குவதே இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு தனக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு திரும்புகிறது.

இந்த வேறுபாடு வெறும் சொற்சண்டை இல்லை, வேலையே இதில்தான் இருக்கிறது. சக்கரம் காற்றில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நிற்கும். கொஞ்ச நாளில் கிழியும். அதனால் வண்டியின் பாரம் சக்கரத்தில் விழுந்தபிறகுதான் கடைசி இறுக்கு. அவசரத்தில் இதைத் தவறவிடுகிற பட்டறைகள் நிறைய. பிறகு "புதுப் புஷ்ஷும் சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

அப்படியானால் 'முறுக்குறை' என்று வைக்கலாமே என்று கேட்பீர்கள். செட்டிநாட்டில் அதைச் சொன்னால் கைமுறுக்குப் பொட்டலத்தைத்தான் நீட்டுவார்கள். கேலி போகட்டும், பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளில் வரும் புஷ்ஷுக்கு அது பொருந்தாது. அது முறுக்கிக்கொள்ளாது, உள்குழாயின் மேல் வழுக்கிச் சுழலும். அதனால்தான் அதற்கு சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டியிருக்கிறது, காய்ந்தால் கீச்சிடும். 'நெகிழுறை'யும் இங்கே அடிவாங்கும். பாலியூரிதேனைத் தேடிப் போவதே அது ரப்பர் அளவு நெகிழாது என்பதற்காகத்தானே? போதாக்குறைக்கு நெகிழி, நெகிழிப்பை என்று காது வேறு எங்கோ போய்விடும்.

(இடையில் ஒன்று: பாலியூரிதேன் போட்டால் 'அப்கிரேட்' ஆகிவிட்டது என்று எல்லாரும் நம்ப வேண்டாம். திருப்பத்தில் ஸ்டீயரிங் கூர்மையாகும், உண்மை. ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் இருக்கைக்கு வந்து நலம் விசாரிக்கும். அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப்போகிற வண்டிக்கு நல்ல ரப்பரே போதும்.)

என் பரிந்துரை 'மூட்டுறை'. பொருளோ குணமோ எதுவாயினும் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. ரப்பர் மூட்டுறை, பாலியூரிதேன் மூட்டுறை என்று பிரிக்கலாம். லோயர் ஆர்மைக் 'கீழ்க்கை' என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். கை இருந்தால் மூட்டு இருக்கும், வயதானால் மூட்டு தேயும். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, இடது வலது சக்கரங்களை இணைக்கும் தண்டான ஸ்டெபிலைசர் பார். 'நிலைப்படுத்தி' என்றால் வீட்டில் குளிர்சாதனத்துக்கு மாட்டியிருக்கும் பெட்டி. 'உருளல் எதிர்ப்புத் தண்டு' என்பது கார் உருண்டால் காப்பாற்றும் என்று பொய் நம்பிக்கை தரும். 'முறுக்குத் தண்டு' வேலையளவில் சரிதான், ஆனால் வில்லுக்குப் பதிலாகவே வரும் டார்ஷன் பாருக்கு அது தேவைப்படும். இந்தத் தண்டு எப்போது வேலை செய்கிறது? இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடை ஏறினால் இது சும்மா தன் பிடிகளுக்குள் திரும்பிக் கிடக்கும். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்வதும் அப்படித்தான். எனவே 'சாய்வடக்கி'.

அதன் இரு முனையையும் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற லிங்க் ராடுக்கு 'இணைப்புத் தண்டு' முடியாது, அது எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடுக்கு வேண்டும். 'இணைகோல்' என்றால் கணக்கு வாத்தியாரின் இணைகோடு நினைவுக்கு வரும். 'பிணைகோல்' எப்படி? (இடைநீக்கம் ஆனவருக்குப் பிணையா என்று யாரும் கேட்க வேண்டாம்.) ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் விழும்போது 'டக் டக்' என்றால் முதலில் பிணைகோலைப் பாருங்கள். இருபுறமும் சேர்த்தே மாற்றுவது நல்லது. நட்டைத் திருப்பும்போது முனை மூட்டின் உள்ளே இருக்கும் பந்தும் கூடவே சுழலும். முனையிலுள்ள குழியில் அறுகோணக் கம்பிச் சாவியான ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். துரு ஏறியிருந்தால் அறுக்க வேண்டியதுதான்.

கானாடுகாத்தானிலிருந்து

---

அண்ணே,

சாய்வடக்கி அருமை, என் ஓட்டு அதற்கு. மூட்டுறையில் ஒரு சந்தேகம். பால் ஜாயிண்டைப் 'பந்து மூட்டு' என்று எழுதப்போகிறோம். அதன்மேல் கிரீஸ் வெளியே வராமல் ஒரு ரப்பர்த் தொப்பி இருக்கிறதே, மூட்டுறை என்றால் பையன்கள் அதைத்தான் நினைப்பார்கள். மருந்துக்கடையில் முழங்காலுக்கு விற்பதும் இதே பெயரில்தான். அதோடு, சாய்வடக்கியைச் சட்டத்தோடு பிடிக்கிற 'டி புஷ்'ஷை என்ன செய்வது? ஆங்கில D எழுத்தின் வடிவத்தால் வந்த பெயர், தமிழில் டி என்று எழுதினால் அந்த வடிவம் கண்ணுக்குத் தெரியாதே.

தேவகோட்டையிலிருந்து

---

தம்பி,

கேள்வி சரியானதே. அந்தத் தொப்பி தூசி புகாமலும் காக்கிறது, 'தூசியுறை' என்று பிரித்துவிடலாம். அது கிழிந்தால் மணல் புகுந்து பந்து மூட்டு போய்விடும் என்பதும் அந்தப் பெயரிலேயே விளங்கும். முழங்கால்காரர்கள் கார்க் கையேடு படிக்க வரமாட்டார்கள், விடு.

டி புஷ்ஷுக்கு வடிவத்தையே பெயராக்கலாம். அதன்மேல் கவிழ்ந்து இரண்டு போல்ட்டில் நிற்கும் இரும்புப் பட்டை அசல் குதிரை லாடம்போல வளைந்தது. பட்டைக்கு 'லாடப்பிடி', உள்ளே இருப்பது 'லாட மூட்டுறை'. கிரீஸ் பற்றிய குறிப்பை அங்கேயே சேர்த்துவிடு: ரப்பரில் கீச்சென்று சத்தம் வந்தால் எஞ்சின் ஆயிலை ஊற்றக்கூடாது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

வில்லமைப்பு, கீழ்க்கை, மூட்டுறை, தூசியுறை, சாய்வடக்கி, பிணைகோல், லாடப்பிடி, ஆட்டம். மறுப்பு உள்ளவர்கள் சொல்லுங்கள். ஷாக் அப்சார்பருக்கு வந்திருக்கும் 'அதிர்வுறிஞ்சி'யைப் பற்றித் தனியாகச் சண்டை போட வேண்டியிருக்கிறது. அது அதிர்வை உறிஞ்சுவதில்லை, வில் துள்ளுவதை அடக்குகிறது. அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து