"ஒயர்லெஸ் தானே, அப்புறம் எதுக்கு ஒயர்?" புது வீடு, சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் சந்தேகம்

புளியரைரோடு:

வணக்கம். செங்கோட்டையில அம்மாவுக்காக வீடு கட்டுதேன். கீழே 1,150 சதுர அடி, மாடியில ஒரே ஒரு ரூம். பூச்சு முடிஞ்சு புட்டி ஒரு கோட் அடிச்சாச்சு. பைப்புக்குள்ள ஒயர் இழுத்தாச்சு. சுவிட்ச் பிளேட் மட்டும் மாட்டலை. தை மாசம் பால்காய்ப்பு.

எனக்கு வேலை திருவனந்தபுரத்துல, சனிக்கிழமைதான் வருவேன். அம்மாவுக்கு முட்டுவலி. மோட்டார் போட பின்வாசலுக்குப் போகணும், ராத்திரி வாசல் லைட்டுக்கு எந்திரிக்கணும். போன்லயே லைட், மோட்டார் போடுற இந்த ஸ்மார்ட் சமாச்சாரமெல்லாம் அதுக்காகத்தான், படம் காட்ட இல்லை. இப்போ கையில காசு கிடையாது. பின்னால ஒவ்வொண்ணா வாங்கி, சுவரை உடைக்காம மாட்டணும்.

வயரிங் பண்ணுதவர் தென்மலைக்காரர், கை சுத்தமான வேலை. "எல்லா சுவிட்ச் பாக்ஸ்லயும் நியூட்ரல் விட்டுருங்க சேட்டா"ன்னேன். அவர் சிரிச்சிட்டு, "ஒயர்லெஸ் அல்லே சாரே, பின்னெ எந்தினா ஒயர்?"ன்னாரு. எங்க ஊர் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்தது, மலையாளம் நல்லாவே புரியும். பதில்தான் வரலை. அவர் கேட்டது சரியா? பிளேட் மாட்டுறதுக்கு முன்னாடி வேற என்ன செஞ்சு வைக்கணும்?

கம்பம்மெட்டு வயர்மேன்:

தம்பி, சேட்டன் கேட்ட கேள்வி ஞாயம்தான். ஆனா ஒயர்லெஸ்ங்கிறது போனுக்கும் சுவிட்சுக்கும் நடுவுல மட்டும். சுவிட்சுக்குப் பின்னால வைக்கிற அந்தக் குட்டி மாட்யூலுக்கு, அதாவது போன்ல சொன்னா லைட்டைப் போட்டு அணைக்கிற ரிலேவுக்கு, 24 மணி நேரமும் கரண்ட் வேணும். லைட்டை அணைச்சாலும் அது முழிச்சிருந்தாத்தான் நீங்க திருவனந்தபுரத்துல இருந்து கூப்பிட்டா கேட்கும். அதுக்கு பேஸ் (கரண்ட் வர்ற ஒயர்), நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) ரெண்டும் வேணும்.

எல்லா பாக்ஸையும் தோண்ட வேண்டாம். மூணு பின் சாக்கெட் இருக்கிற போர்டுல நியூட்ரல் எப்படியும் வந்திருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கிற பாக்ஸைப் பாருங்க: மாடிப்படி டூவே (ஒரே லைட்டை ரெண்டு இடத்துல இருந்து போடுற சுவிட்ச்), கட்டில் பக்கத்து டூவே, பாத்ரூம் வெளிச்சுவர். நம்ம ஊர் வயரிங்குல அங்கே பேஸ் மட்டும்தான் இறங்கி ஏறும். பிளேட் மாட்டாததால வேலை சுளுவு. உள்ளே இருக்கிற ஒயரோட வாலைப் பிடிச்சு, கூட ஒரு கறுப்பு 1.5 ஸ்கொயர் ஒயரைக் கட்டி இழுத்துடலாம்.

நியூட்ரல் இல்லாமலே ஓடுற மாட்யூலும் கடையில கிடைக்கும். அது பல்பு வழியாவே கொஞ்சம் கரண்டை உறிஞ்சி உயிர் வாழும். 5 வாட் எல்இடி மாட்டினீங்கன்னா அணைச்ச பிறகும் மினுக் மினுக்னு இருக்கும். அப்புறம் பல்புல ஒரு கெப்பாசிட்டர் மாட்டணும். புது வீட்டுல அந்தப் பாடு எதுக்கு?

இதுல ஒண்ணு முக்கியம். நியூட்ரல் பக்கத்துல கிடைக்குதேன்னு வேற சர்க்யூட்டுல இருந்து எடுக்கக் கூடாது. ஆர்சிசிபி, பேஸ்ல போன கரண்ட் அதே நியூட்ரல்ல திரும்புதான்னு கணக்குப் பார்க்கிற சாதனம். வேற ஆர்சிசிபியோட நியூட்ரலைக் கடன் வாங்கினா கணக்கு உதைக்கும், லைட் போட்டதும் டிரிப் ஆகும். இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் இதே கதைதான். எந்த லைட்டோ அந்த லைட்டோட நியூட்ரல்.

பாக்ஸ் சின்னதா இருக்கா? மூணு சுவிட்ச் அகலமுள்ள இரும்பு (ஜிஐ) பாக்ஸ்ல ரெண்டு சுவிட்ச், ஏழெட்டு ஒயர், அதுக்கு மேல ரிலேன்னா மூச்சு முட்டும். சுவர்ல இடமிருந்தா அதை மட்டும் ஒரு சைஸ் பெரிசா மாத்தி, மீதி இடத்துக்கு டம்மி பிளேட் போட்டு மூடுங்க. புட்டி ரெண்டாவது கோட்டுக்கு முன்னாடி செஞ்சா தடம் தெரியாது.

வாளையார்க்காரி:

அண்ணா, நாங்க ரெண்டு வருசமா இதோட குடும்பம் நடத்தறோம்ங்க. முதல்ல பண்ணுன தப்பைச் சொல்லீர்றேன்: 14 வைஃபை பல்பு வாங்கினோம். எங்க அத்தை பழக்க தோஷத்துல சுவர் சுவிட்சை அமத்தீருவாங்க. பல்புக்கு கரண்ட் போச்சு, அப்புறம் போன்ல தட்டி என்ன பிரயோஜனம்? உங்கம்மாவும் சுவிட்சைத்தான் தேடுவாங்க. மாட்யூல் சுவிட்சுக்குப் பின்னால போகட்டும், சுவிட்ச் சுவிட்சாவே இருக்கட்டும்ங்க.

ரெண்டாவது, ஆடிக்காத்து. உங்களுக்கும் கணவாய்க் காத்துதானுங்க, கரண்ட் போறதும் வாறதும் சொல்லவே வேண்டாம். எங்க வீட்ல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஹால், வாசல், மாடி எல்லா லைட்டும் ஒண்ணா எரிஞ்சுது. அத்தை திருடன்னு கத்தி, பக்கத்து வீட்டுக்காரங்க தடியோட வந்துட்டாங்க. கரண்ட் திரும்பினா என்ன நிலையில இருக்கணும்னு ஒவ்வொரு மாட்யூலுக்கும் செட்டிங் இருக்குங்க. மாட்டின அன்னைக்கே அதை 'ஆஃப்'ல வச்சிருங்க.

ரவுட்டரை கேபிள் போடற பையன் கேட் பக்கத்து ஜன்னல்லதான் வச்சுட்டுப் போவான், அவனுக்கு அது சுலபம். டிவி கேபிளுக்கு மொட்டை மாடில இருந்து ஹாலுக்கு ஒரு பைப் விட்டிருப்பீங்களே, அதுல ஒரு கேட்-6 ஒயரை (இன்டர்நெட் ஒயர்) இப்பவே இழுத்து வச்சு, ரவுட்டரை வீட்டு நடுவுக்குக் கொண்டாங்க. கரண்ட் ஒயர் போற பைப்புல மட்டும் அதை விடாதீங்க. ரவுட்டர் பிளக் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கோணும். இந்தச் சாமான்ல முக்கால்வாசி 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் பேசும். மாடி ரூமுக்கு நடுவுல கம்பி கட்டின கான்கிரீட் தளம் இருக்கறதால அங்கே சிக்னல் சொத்தையா வரும். நாங்க இப்ப ஜிக்பீக்கு மாறிட்டோம், அது வைஃபை இல்லாத வேற ஒரு ஒயர்லெஸ் முறைங்க. அதுல கரண்ட்ல ஓடற ஒவ்வொரு மாட்யூலும் அடுத்ததுக்குச் சேதியைக் கைமாத்தி விடும். பேட்டரில ஓடற சென்சார் அதைச் செய்யாதுங்க. படிக்கட்டுல ஒரு மாட்யூல் இருந்தா மாடிக்கு அதுவே பாலம்.

பள்ளிப்பட்டு போர்வெல்:

மோட்டாரை மட்டும் லைட் மாதிரி நினைக்காதீங்க சார். 1 எச்பி மோட்டார் ஓடும்போது அஞ்சாறு ஆம்பியர்தான், ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல பல மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் ரிலேவை நேரா மாட்டினா உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கும், அப்புறம் மோட்டார் நிக்காது. என்னோடது அப்படி ஒட்டி டேங்க் வழிஞ்சு பக்கத்து வீட்டு மாடு குளிச்சது. ரிலே ஒரு காண்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்குற சுவிட்ச்) இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். டேங்க் நிரம்பினா நிறுத்துற ஃப்ளோட் ஒயர் தனியா இருக்கட்டும், அதை நெட்டை நம்பி விடாதீங்க. மின்னல் அடிக்கிற ஊர், டிபில (மெயின் போர்டு) மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கிற சர்ஜ் புரொடெக்டருக்கு இடம் விடுங்க. எர்த் குழி ஒழுங்கா இருந்தாத்தான் அதுவும் வேலை செய்யும்.

புளியரைரோடு:

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை சேட்டனோட உட்கார்ந்து 17 பாக்ஸையும் பார்த்தோம். அண்ணாச்சி சொன்ன மாதிரி நாலுலதான் நியூட்ரல் இல்லை. மூணுல இழுத்தாச்சு. மாடிப்படி கீழ் பாக்ஸ்ல மட்டும் ஒயர் அசையவே மாட்டேங்குது. சென்ட்ரிங் சமயத்துல பைப் நசுங்கியிருக்கும்னு சேட்டன் சொல்லுதாரு. சுவரை உடைக்கணுமா?

கம்பம்மெட்டு வயர்மேன்:

வேண்டாம் தம்பி. அந்த லைட்டுக்குப் போற நியூட்ரல் மேலே லைட் பாயின்ட்லயே இருக்குல்ல? கீழ், மேல் ரெண்டு டூவே பாக்ஸ்லயும் ஒயரை நேரடியாச் சேர்த்து விட்டா லைட் பாயின்ட்டுக்கு எப்பவும் பேஸ் இருக்கும். மாட்யூலை அங்கேயே சீலிங் பாக்ஸ்ல வச்சிடுங்க. சுவர்ல பழைய சுவிட்ச் இடத்துல பேட்டரி பட்டன் ரெண்டு ஒட்டுங்க. அந்த லைட் ஒண்ணுக்கு மட்டும் உண்மையிலேயே ஒயர் வேண்டாம். டிபி மூடியில எழுதி ஒட்டி வைங்க, நாளைக்கு வேற வயர்மேன் வந்தா சுவிட்ச் இல்லாம லைட்டுக்குப் பேஸ் ஏன் நிக்குதுன்னு முழிப்பான்.

புளியரைரோடு:

அதையே செஞ்சாச்சு அண்ணாச்சி. சேட்டன்கிட்ட காட்டினேன். "அப்போ ஞான் பறஞ்ஞது சரியல்லே?"ன்னு (அப்போ நான் சொன்னது சரிதானே?) கேட்டுட்டு, அவரே மூடியில மலையாளத்துல எழுதி ஒட்டிட்டாரு. பக்கத்துலயே தமிழ்ல நான் ஒண்ணு எழுதணும்.