டிஜிட்டல் பல் எக்ஸ்ரே: 90% கதிர் குறையும் என்பது எதோடு ஒப்பிட்டு?

கடைவாய்ப்பல்:
ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாற வேண்டிய கட்டம். இருப்பது சுவரில் மாட்டிய பழைய 70 கேவி, 8 எம்ஏ மெஷின், திருகு டைமர், வட்டக் கோன் (கதிர் வெளிவரும் குழாய்), ஈ-ஸ்பீடு ஃபிலிம். விற்க வருகிறவர்கள் எல்லோரும் "கதிர்வீச்சு 90% குறையும்" என்கிறார்கள். அது உண்மையா? வயர் சென்சார் (கணினியோடு வயரால் இணைந்தது) வாங்குவதா, பாஸ்பர் பிளேட்டா (எடுத்தபின் ஸ்கேன் செய்வது)? பழைய மெஷினையே ஓட்டலாமா? வேலை பெரும்பாலும் ரூட் கெனால், அடுத்தபடியாக பல்லிடுக்குச் சொத்தை.

நிழற்படம்:
அந்தக் கணக்கு டி-ஸ்பீடு என்ற மெதுவான, கதிர் அதிகம் கேட்கும் ஃபிலிமோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஈ-ஸ்பீடுக்கே டி-யில் ஏறக்குறைய பாதிக் கதிர் போதும். எஃப்-க்கு இன்னும் குறைவு. ஆகவே உங்களுக்குக் கிடைக்கிற லாபம் விளம்பரத்தில் உள்ளதைவிடச் சின்னது. பிளேட்டுக்குப் போனால் எஃப் ஃபிலிமோடு பெரிய வித்தியாசமே இருக்காது.

கதிரை நிஜமாகக் குறைப்பது செவ்வகக் கொலிமேட்டர், அதாவது கற்றையை ஃபிலிம் அளவுக்குக் குறுக்கும் தடுப்பு. 7 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கற்றையின் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. இரண்டாம் சைஸ் ஃபிலிம் 31×41 மி.மீ., அதாவது 13 சதுர செ.மீ.கூட இல்லை. மூன்றில் இரண்டு பங்குக் கதிர் படத்துக்கு உதவாமல் கன்னத்தில்தான் விழுகிறது! செவ்வகம் மாட்டினால் சுமார் 60% குறையும். ஆனால் கோனை நேராகப் பொருத்த வளையம் வைத்த ஹோல்டர் இல்லாமல் அதைப் பயன்படுத்தினால் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, திரும்ப எடுக்க நேரும். மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

நோயாளி பயந்து கேட்டால் சொல்ல ஒரு அளவு: வாய்க்குள் வைத்து எடுக்கும் ஒரு படம் சில மைக்ரோசீவர்ட். இயற்கையிலிருந்து எல்லோருக்கும் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், நாளுக்கு ஆறேழு மைக்ரோசீவர்ட்.

நாலாவது கால்வாய்:
ரூட் கெனால் அதிகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வயர் சென்சார்தான். (இன்றும் பலர் 'ஆர்விஜி' என்றே சொல்வது, 1987-இல் பிரான்சில் வந்த முதல் கருவியின் பெயர் ஒட்டிக்கொண்டதால்.) படம் சில நொடியில் திரையில் வரும். சென்சாரை வாயிலிருந்து எடுக்காமலே கோனை 20 டிகிரி முன்னோ பின்னோ நகர்த்தி இன்னொன்று எடுத்தால், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த கால்வாய்கள் பிரிந்து தெரியும். கோன் போன பக்கமே நகர்வது நாக்குப் பக்கக் கால்வாய், எதிர்ப்பக்கம் நகர்வது கன்னப் பக்கக் கால்வாய். பிளேட்டில் இதற்கு ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து, உறை பிரித்து, ஸ்கேன் செய்ய வேண்டும். வைத்த இடம் போய்விடும்.

கால்வாயின் நீளம் பார்க்க 15-ஆம் நம்பர் ஃபைல் (கால்வாய்க்குள் விடும் மெல்லிய கம்பி) போடுங்கள். அதைவிட மெல்லிய 8, 10-இன் நுனி பெரும்பாலும் மங்கிவிடும். திரையில் கோடு இழுத்து அளக்கும் வசதியை அப்படியே நம்பக்கூடாது. நீளம் தெரிந்த ஃபைலை வைத்து அளவைச் சரிசெய்த பிறகே எண்ணுக்கு மதிப்பு. வேர் நுனியை மின்சாரத்தால் கண்டறியும் அபெக்ஸ் லொக்கேட்டரை மூட்டை கட்டிவிடவும் கூடாது.

தொல்லை எங்கே என்றால், சென்சார் தடிமன், வளையாது. பல்லோடு ஒட்டி அழுத்தினால் மூலை குத்தும், நோயாளி குமட்டுவார். நாக்குப் பக்கமாக, மேலே என்றால் அண்ணத்தின் நடுவை நோக்கித் தள்ளி, பல்லுக்கு இணையாக வையுங்கள். சென்சாரின் வெளிக்கூட்டின் ஓரம் வரை படம் பதியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். வேர் நுனி தப்பிப்போவது அதனால்தான். சென்சார் சாவது வயர் அந்தக் கூட்டுக்குள் நுழையும் அந்த ஒரே இடத்தில். சுருட்டி மடக்காதீர்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆட்டோகிளேவில் போடக்கூடாது, ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்லீவ், பிறகு தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியால் துடைப்பு.

அரை அலை:
மெஷின் விஷயத்தை யாரும் தொடவில்லை. சென்சாருக்குப் பெரும்பாலும் 0.1 நொடிக்குப் பக்கமான நேரமே போதும். திருகு டைமர் அந்த அளவில் நம்பத்தக்கதல்ல. பழைய ஏசி மெஷினில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால், 0.1 நொடியில் ஐந்தே துடிப்பு. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ 20% மாறிவிடும். அதிகமானால் சென்சார் நிரம்பி, பல்லிடுக்கு எலும்பின் முனையும் எனாமலின் ஓரமும் கருப்பில் கரைந்துவிடும். இல்லாத சொத்தை இருப்பதாகத் தெரியும். சென்சாரோடு, துடிப்பில்லாமல் சீராகக் கதிர் தரும் டிசி மெஷினும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பிளேட்டில் ஆபத்து நேரெதிர். ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கருத்துக் காட்டிக்கொடுக்கும். பிளேட்டில் மென்பொருள் சரிசெய்துவிடும், படம் அழகாகவே வரும். குறைந்தால் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆகவே யாரும் அறியாமல் நேரம் ஏறிக்கொண்டே போகும். புள்ளி தொந்தரவு தராத மிகக் குறைந்த நேரத்தை ஒவ்வொரு பல் வகைக்கும் கண்டு, மெஷின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பிளேட் வெளிச்சம் பட்டால் படம் அழியும், கடிபட்டால் கீறல் கடைசிவரை வரும். திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாகிவிடும். ஃபிலிமில் அதன் உறைக்குள் இருக்கும் ஈயத்தாளின் கோலம் விழுந்து எச்சரிப்பதைப் போல இங்கே எதுவும் தெளிவாக எச்சரிக்காது.

கடைவாய்ப்பல்:
டைமர் கணக்கு புரிந்தது. பல்லிடுக்குச் சொத்தையை டிஜிட்டல் முன்கூட்டியே காட்டுமா?

நிழற்படம்:
காட்டாது. தாது 30-40% போன பிறகே எக்ஸ்ரேயில் தெரியும் என்பது எதில் எடுத்தாலும் மாறாது. பைட்விங்கில் (கடித்தபடி மேல், கீழ்ப் பற்களைச் சேர்த்து எடுக்கும் படம்) கோன் பல்லிடுக்கின் நேராக இல்லாமல் இரண்டு பல்லும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. சென்சார் அகலம் குறைவு என்பதால் ஒரு பக்கத்துக்கு இரண்டு படம் தேவைப்படலாம்.

'ஷார்ப்பன்' பொத்தான்மேல் ஒரு கண் வையுங்கள். அடைப்பையும் பல்மேல் மாட்டிய கேப்பையும் சுற்றி அது போலியான கருங்கோடு போடும். அடைப்புக்கடியில் மறுபடி சொத்தை என்று தோண்டத் தோன்றும். எதையும் தீர்மானிக்கும் முன் ஃபில்டர் போடாத படத்தை அறை விளக்கைக் குறைத்துப் பாருங்கள். சேமிக்கும்போது மூலக் கோப்பை மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவில் வைத்திருங்கள். செல்போன் செயலியில் அனுப்பினால் படம் சுருங்கி, மெல்லிய விவரம்தான் முதலில் போகும்.