தலசீமியா கட்டுரைகளை இலவசமாக எங்கே படிக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு ஹீமோகுளோபின் ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) 5.4 சதவீதம், எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 64. தலசீமியா மைனர், அதாவது மரபணுவால் வரும் ரத்தக் குறைபாட்டின் லேசான வகை என்கிறார்கள். பக்கத்து கிளினிக்கில் இரும்பு மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்கள். நானே படித்துப் பார்க்கலாம் என்றால், கட்டுரையைத் திறந்ததும் பணம் கேட்கிறது.

பதில் 1: ஹீமட்டாலஜிகா பாருங்கள் அக்கா. 1920-இல் இத்தாலியில் அடோல்ஃபோ ஃபெராட்டா தொடங்கிய இதழ், முழுக் கட்டுரையும் இலவசம். அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் பிளட் அட்வான்சஸும் அப்படித்தான். வெளியிடும் முன் அதே துறை நிபுணர்கள் துருவித் துருவிக் கேள்வி கேட்பார்கள். நான் லேப் டெக்னீஷியன். எத்தனை பேரிடம், எந்த வயதில் ரத்தம் எடுத்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். முடிவுரை அப்புறம்தான்.

பதில் 2: படிப்பது இருக்கட்டும், மாத்திரை விஷயம் அவசரம். மைனரில் சிவப்பணு சிறுத்திருப்பது மரபணுவால். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு) குறைவாக இருந்தால் மட்டுமே இரும்பு தேவை. பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்: இல்லை. நாளைக்கே எடுக்கிறோம். எங்களுக்கும் ஏ2 பார்க்கணுமா?

பதில் 2: ஆமாம், இரண்டு பேருமே. இருவருக்கும் மைனர் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு மேஜர், அதாவது கடுமையான வகை வர 25 சதவீத வாய்ப்பு. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே பார்த்துவிடுங்கள்.