பிளஸ் ஒன் வேதியியல், முதல் பாடம்: மனசை விட்டுப் போகாத ஒரு நிமிடம் இருக்கிறதா?

கரிசல்மண்:
சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், வேதியியல் மட்டும். அரையாண்டுக்கு முந்தின நாள் ரிவிஷன். நன்றாகப் படிக்கிற பெண். 9 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு என்றால் பேனாவைத் தொடாமலே 3.011 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு என்பாள். அப்படிச் சொல்லி முடித்த கையோடு, "அண்ணா, ஒரு மோலை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியுமா?" என்றாள்.

முதலில் எனக்குக் கேள்வியே பிடிபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மோல் என்பது டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை. அவள் கணக்கில் அது அணு, மூலக்கூறு வரிசையில் வரும் இன்னொரு பொடிப் பொருள். பத்தாம் வகுப்பிலிருந்து அப்படியே நினைத்துக்கொண்டு, ஒரு கணக்கும் தப்பாமல் போட்டு வந்திருக்கிறாள்!

அம்மாவிடம் இருமல் மருந்து மூடியை வாங்கினேன். முதலில் 10 மில்லி, பிறகு 8 மில்லி அளந்து டம்ளரில் ஊற்றி நீட்டினேன். "இதுதான் ஒரு மோல் தண்ணீர். 18 கிராம்." டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "இவ்வளவு பெரிசா?" என்றாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தூக்கி வந்து, 58.5ஆல் வகுத்து, "இதில் 17 மோல் இருக்கு" என்று அவளே சொன்னாள்.

இந்தக் கேள்வியைக் கேட்காமலே நூற்றுக்கு நூறு வாங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ, அதுதான் என்னை அரிக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கந்தகவாசம்:
நான் ஆசிரியர் இல்லை. பள்ளி வேதியியல் லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிராக்டிகல் தேர்வு அன்று நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

பெர்மாங்கனேட் டைட்ரேஷன், சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தில் அளவு எடுக்கிற சோதனை. பையன் பிப்பெட்டில் 20 மில்லி பெர்ரஸ் சல்பேட் எடுத்தான், நேரே பியூரெட்டைத் திறந்துவிட்டான். நீர்த்த சல்பியூரிக் அமிலம் ஒரு சோதனைக்குழாய் ஊற்ற வேண்டும், ஊற்றவில்லை. இளஞ்சிவப்பு வரவேண்டிய கூம்புக் குடுவையில் ஆடி மாசத்து ஆற்றுத் தண்ணீர் மாதிரி பழுப்புக் கலங்கல். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று அமில பாட்டிலையே பார்க்கிறேன், அவன் கண்ணில் படட்டும் என்று. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். தாள் ஓரத்தில் பென்சிலால் மாங்கனீஸின் ஆக்சிஜனேற்ற எண்ணை +7 என்று எழுதினான். கீழே +2 எழுதி, அதை அடித்துவிட்டு +4. "மாங்கனீஸ் டை ஆக்சைடு" என்று முணுமுணுத்தான். குடுவையைக் கழுவிக்கொண்டு வந்து புதிதாக 20 மில்லி எடுத்து, அமிலத்தை ஊற்றிய பிறகுதான் பியூரெட்டில் கை வைத்தான்.

வெளிப் பள்ளியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் டீ குடித்துக்கொண்டிருந்தார். ரீடிங்குக்குத்தான் மார்க், அந்தப் பென்சில் எழுத்துக்குக் கிடையாது. பையன் ரப்பரால் அதை அழித்துவிட்டுத் தாளைக் கொடுத்தான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நடுபெஞ்ச்:
கரிசல்மண் சார், உங்கள் பெண்ணாவது டம்ளரில் பார்த்தாள். என் மகனுக்கு வாய்த்தது வாயு.

நீட் கோச்சிங் ஒன்றில், பெயர் வேண்டாம், வார டெஸ்ட். எஸ்டிபியில், அதாவது திட்ட வெப்பநிலை, அழுத்தத்தில், ஒரு மோல் வாயுவின் கனஅளவு என்ன? 22.4 லிட்டர் என்று குறித்ததற்கு மைனஸ் மார்க். 22.7தான் சரியாம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். "அதெல்லாம் பழசு" என்று பதில்.

என்ன பழசு? 0 டிகிரி செல்சியஸ், 1 அட்மாஸ்பியர் என்றால் இன்றைக்கும் 22.4தான். 1982இல் ஐயுபிஏசி என்ற உலக வேதியியல் அமைப்பு அந்த அழுத்தத்தை 1 பார் என்று மாற்றி வைத்தது. பார், அட்மாஸ்பியரைவிட ஒரு பொட்டு குறைவு. அழுத்தம் குறைந்தால் வாயு கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும், 22.7 ஆகும். கேள்வியில் அழுத்தத்தைக் குறிப்பிடாமல் கேட்டது யார் தப்பு? பையன் வீட்டுக்கு வந்து நோட்டில் 22.4 இருந்த இடமெல்லாம் ஒயிட்னர் பூசிக்கொண்டிருந்தான், பக்கம் பக்கமாக. அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

பழையபாடம்:
நான் பிஜி ஆசிரியராக இருந்தவன். ரிவிஷன் என்றால் பாதிப் பிள்ளைகள் ஹைலைட்டரோடு வந்து உட்காருவார்கள், அவ்வளவுதான் என் கதை.

ஆனால் கரிசல்மண் தம்பி, தேர்வுக்கு முதல் நாள் டம்ளரும் உப்புப் பாக்கெட்டுமாக விளையாடினால் பிள்ளை எப்போது படிக்கும்? வரிசை முக்கியம். முதலில் இணைதிறனும் அயனிகளின் மின்சுமையும். அலுமினியம் சல்பேட்டின் வாய்பாட்டை எழுதச் சொல்லுங்கள், மோலார் நிறை 342 வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் மோல் பக்கமே போக வேண்டாம், பிரச்சினை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அடுத்து சமன்செய்தல். புரோப்பேன் எரிவதை எடுத்துக்கொள்ளுங்கள்: கார்பனை முடி, ஹைட்ரஜனை முடி, ஆக்சிஜனைக் கடைசியில் தொடு. ஒரு புரோப்பேனுக்கு 5 ஆக்சிஜன், 3 கார்பன் டை ஆக்சைடு, 4 தண்ணீர். வாய்பாட்டுக்குள் கீழே இருக்கும் எண்ணில் கை வைக்கிற பிள்ளைக்கு, அது வேறு பொருளாக மாறிவிடும் என்பது புரியவில்லை என்று அர்த்தம்.

பிறகுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள். 4 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன், எது முதலில் தீரும்? 4 சின்ன எண், அதனால் ஹைட்ரஜன் என்று வகுப்பே கத்தும். மோலாக்கிப் பாருங்கள்: ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் அரை. தீர்வது ஆக்சிஜன். 18 கிராம் தண்ணீர் வரும், 2 கிராம் ஹைட்ரஜன் மிச்சம் கிடக்கும். சூத்திரத்தை முக்கோணத்தில் எழுதி விரலால் மறைக்கும் வித்தையை நிறுத்துங்கள், ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதச் சொல்லுங்கள். ஆக்சிஜனுக்கு ஆக்சிஜனேற்ற எண் எப்போதும் -2 என்று உருப்போட்டவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொடுங்கள், அங்கே -1. இன்னொன்று, 12 கிராம் கார்பன்-12ஐ வைத்து மோலுக்கு வரையறை சொல்வது 2019 மே 20ஓடு போயிற்று. இப்போது 6.02214076 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு, துல்லியமாக அந்த எண்ணிக்கைதான் ஒரு மோல்.

சன்னலோரம்:
பழையபாடம் ஐயா, கேட்டது அனுபவம், நீங்கள் ஸ்பெஷல் கிளாஸே வைத்துவிட்டீர்கள்.

திருச்சி தஞ்சாவூர் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பிளஸ் ஒன் பெண்கள், மடியில் கைடு. 10இன் அடுக்கு மைனஸ் 8 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன? ஒருத்தி சட்டென்று 8 என்றாள். ஏழுக்கு மேல் போனால் காரம், கீழே இருந்தால்தான் அமிலம். மற்றவள் டிக் போடப் போனாள். டிக்கெட் மெஷினோடு நின்றிருந்த கண்டக்டர் குனிந்து, "அமிலத்தில் எவ்வளவு தண்ணி விட்டாலும் காரமாயிடுமா பாப்பா? தண்ணிக்குள்ளயே ஹைட்ரஜன் அயனி இருக்கே, அதை யார் கூட்டுறது?" என்றார். துவாக்குடி வந்துவிட்டது, முன் படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தண்ணீர் தரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்துப் போட்டு, அடித்து, மறுபடி போட்டார்கள். விடை 6.98. ஏழுக்கு ஒரு நூல் கீழே. அந்த மனிதர் எந்தக் கல்லூரியில் வேதியியல் படித்தார், ஏன் பஸ் ஏறினார் என்று இறங்கும்போது கேட்டிருக்கலாம். பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாணம். 90களில் ஏ.எல். (உங்கட பிளஸ் டூ மாதிரி) படித்த ஆள். பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. ரியூசனில் மீட்டல் வகுப்பு, ஐதரோகாபன் தகனம். சேர் விளக்கைக் காட்டி, "இதில எது முதல் முடியும், எண்ணெயோ ஒட்சிசனோ?" என்று கேட்டார். மூல் கணக்கைத்தான் எதிர்பார்த்தவர். பின்வாங்கில் இருந்த பெடியன், "சேர், எங்கட வீட்டு எண்ணெய் போன கிழமையே முடிஞ்சுது" என்றான். எல்லாரும் சிரித்தோம். சேரும் சிரித்துப்போட்டு விளக்கை நூர்த்தார். மிச்சச் சமன்பாடுகளை இருட்டில் வாயாலேயே சமப்படுத்தினோம்.

பழையபாடம்:
இருட்டில் சமன்செய்வதும் சரி, கண்டக்டரும் சரி. ஆனால் 10இன் அடுக்கு மைனஸ் 8 எல்லாம் முதல் பாடத்தில் வராது.

நடுபெஞ்ச்:
ஐயா, விடுங்கள். கந்தகவாசம் அண்ணே, பையனுக்கு பிராக்டிகல் வருகிறது. ஆக்சாலிக் அமிலம் விழுந்தால் சூடு பண்ண வேண்டும் என்கிறானே, பெர்ரஸுக்கும் பண்ண வேண்டுமா?

கந்தகவாசம்:
வேண்டாம் தம்பி. ஆக்சாலிக் அமிலத்துக்கு மட்டும்தான், 60, 70 டிகிரி, கொதிக்க விடக் கூடாது. சூடு இல்லையென்றால் ஆரம்பத்தில் வினை மெதுவாக இருக்கும், முதல் சொட்டின் நிறம் சீக்கிரம் போகாது, பையன் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவான். பெர்ரஸைச் சூடு பண்ணினால் காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் ஆகி ரீடிங் குறைந்துவிடும். பியூரெட்டில் பெர்மாங்கனேட் கருமையாக இருக்கும், கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.