ஜெராம் கரையில கெராங்: சின்னத எடுத்தா தப்பு, விதைய அள்ளினா பெர்மிட்டா?

ரோத்தான்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் சிலாங்கூர் புக்கிட் ரோத்தான். அப்பா செம்பனை தோட்டத்துல குலை வெட்டுற வேலைய விட்டப்புறம், தண்ணி வத்துற நேரம் பாத்து ஜெராம் கடக்கரை சேத்துல எறங்கி கெராங் (சேத்துல வளர்ற சின்ன சிப்பி) பொறுக்குவாரு, அரை சாக்கு கெடைச்சாலே பெரிசு. போன வாரம் கரையில சாக்க கொட்டச் சொல்லி அளந்து, 31.8 மில்லிமீட்டருக்கு கொறஞ்சத எல்லாம் திருப்பி வீசச் சொல்லிட்டாங்க, முக்கால்வாசி போச்சு. அதே கரையில போட்டுக்காரங்க பயறு சைஸ் கெராங் குஞ்ச மூட்டை மூட்டையா ஏத்துறாங்க, கேட்டா அது விதையாம், அதுக்கு பெர்மிட் இருக்காம். என்னங்க கணக்கு இது?

சேத்துக்கால்:
தம்பி, ரெண்டும் வேற. 2002ல வந்த கெராங் ரூல்ஸ்லதான் அந்த அளவு இருக்கு. கெராங் 18, 20 மில்லிமீட்டர்லயே முட்டை விட ஆரம்பிச்சிரும், 31.8 வரைக்கும் விட்டு வச்சா அதுக்குள்ள சேத்துக்கு குஞ்சு குடுத்துட்டுதான் சாக்குக்கு வரும். விதைய அள்ளுறவன் அத திங்க விக்க முடியாது, பிளாட்ல, அதான் கெராங் வளக்குற சேத்து எடத்துல, தூவி வளக்கணும். இங்க வளப்பு பெரும்பாலும் கடல்ல தானா பொறக்குற விதைய நம்பித்தான் ஓடுது, அத நிறுத்தினா பிளாட் காலி.

லயத்துக்காரி:
அண்ணே, காகிதத்துல சரிதான் லா. 2010ல நாடு முழுக்க 78,000 டன் வந்த கெராங் 2016ல 10,000 டன் கூட இல்ல, அவ்வளவையும் பலகை தள்ளிட்டுப் போற கெழவங்களா அள்ளினாங்க? ஆத்துல வர்ற அமோனியா, மேல காடு வெட்டின மண்ணு, நோயி, எல்லாம் சேந்துதான். நமக்கு சோறு போட்ட செம்பனை (பாம் ஆயில்) மில்லு தண்ணியும் அந்த ஆத்துலதான் எறங்குது, அத யாரும் ஸ்கேல் வச்சு அளக்கிறதில்ல. விதையும் அப்படித்தான், ஒரு பக்கம் வழிச்சு எடுத்து இன்னொரு பக்கம் தூவி அது செத்துப்போனா ரெண்டு எடமும் நாசம்.

பசி_பிரதர்:
எங்க ஊரு கடையில பெரட்டுற சார்-கொய்த்தியாவ் நூடுல்ஸ்ல இப்ப கெராங்கே இல்ல, கேட்டா கடைக்கார தவுக்கே தனிக் காசு கேக்குறாரு 😅

சேத்துக்கால்:
தங்கச்சி சொல்றதுல ஞாயம் இருக்கு. விதை மூட்டை எங்க போகுதுன்னு கடைசி வரைக்கும் யாரும் பின்னாலயே போய் பாக்கறதில்ல, அதுதான் ஓட்டை.

ரோத்தான்_பையன்:
நன்றிண்ணே, நன்றிக்கா. அப்பா ஒரு பலகைத் துண்டுல ஓட்டை போட்டு வச்சிருக்காரு, அதுக்குள்ள நுழையிற கெராங்க அங்கயே விட்டுர்றாரு. நேத்து கொண்டு வந்தது ஒரு மைலோ டின் கூட நெறையல. லைசென்ஸ் இல்லாதவங்கள மீனவர் சங்கத்துல சேத்துக்குவாங்களா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.